ஒன்ராறியோவின் நிழல் வளவுக்கு எந்தப் பெரணி?

ரொறன்ரோ, ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்துத் தமிழ் வீடுகளில் வெயில் விழும் நிலத்தை என்ன செய்வதென்று யாரும் யோசிப்பதில்லை. கத்தரி, மிளகாய், தக்காளி, ஓரத்தில் பாகலுக்கு ஒரு பந்தல் என்று மே மாதமே அது நிரம்பிவிடும். குழப்பம் மறுபக்கத்தில்தான் இருக்கிறது. வீட்டின் வடபுறம், இரண்டு வீடுகளுக்கு நடுவே கிடக்கும் ஒடுங்கிய துண்டு, பெரிய மேப்பிள் மரத்தின் அடி ஆகிய இடங்களில் புல் விதைத்தாலும் நிலைப்பதில்லை. ஆண்டுதோறும் விதையும் உரமும் கொட்டிக் களைத்துப்போனவர்கள் கடைசியில் கல்லைப் பரப்பிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் இந்த நாட்டுக் காட்டிலேயே வளர்கிற, குளிர்காலத்திலும் பச்சை மாறாத பெரணியை (fern) நட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். எந்தப் பெரணியை நடுவது என்பதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

பச்சை மாறாமை என்பதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தெற்கு ஒன்ராறியோவில் நவம்பர் தொடங்கி மே முதல் வாரங்கள் வரை மரங்கள் மொட்டையாகத்தான் நிற்கின்றன. ஆண்டில் ஏறக்குறைய பாதி. அதில் பனி மூடியிருக்கும் நாட்களைக் கழித்தாலும் நவம்பர், டிசம்பர், மார்ச், ஏப்ரல் என்று நான்கு மாதங்கள் தரை பழுப்பாகக் கிடக்கிறது. ஒரு செடி உங்கள் வளவுக்குப் பொருந்துமா என்பதை ஜூன் மாதம் தோட்டக்கடையில் அது தளதளவென்று நிற்கும்போது முடிவுசெய்யக் கூடாது. நவம்பரிலும் ஏப்ரலிலும் அது எப்படியிருக்கும் என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு முன்னால் கடையில் விற்கும் பெரணிகளில் பாதிக்கு மேல் நிற்காது.

நிற்பவற்றில் முதலாவது கிறிஸ்மஸ் பெரணி. தாவரவியல் பெயர் பொலிஸ்டிக்கம் அக்ரோஸ்டிக்காய்டிஸ். நோவா ஸ்கோஷியாவிலிருந்து புளோரிடா வரை, மேற்கே டெக்சாஸ் வரை வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளெங்கும் இதைக் காணலாம். தெற்கு ஒன்ராறியோவின் மேப்பிள், பீச் காடுகளிலும் சரிவுகளில் சாதாரணமாக வளர்கிறது. ஒன்று முதல் இரண்டு அடி உயரம். இலை தடித்துத் தோல் போலிருக்கும், நிறம் கரும்பச்சை. நடு நரம்பின் இருபுறமும் ஒற்றை வரிசையாகச் சிற்றிலைகள். ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் மேல்நோக்கி ஒரு சிறிய காது நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் சிற்றிலை முழுவதும் ஒரு காலுறையின் வடிவில் தெரியும். கோடையில் சில இலைகளின் நுனிப்பகுதி மட்டும் திடீரென்று சுருங்கிக் குறுகியிருப்பதைப் பார்த்து நோய் என்று பயப்பட வேண்டாம். பெரணி பூக்காது, விதைக்குப் பதிலாகத் தூசிபோன்ற வித்துகளால் பெருகும்; அந்த வித்துகள் உருவாவது அங்கேதான். வித்துகள் உதிர்ந்ததும் அந்த நுனி காய்ந்துவிடும். மீதி இலை பச்சையாகவே நீடிக்கும்.

இந்தப் பெரணியின் பெரிய பலம் அதன் பொறுமை. வேரூன்றிய பிறகு வறண்ட நிழலையும் தாங்கும். மைனஸ் 34 டிகிரிக்கும் கீழே போகும் குளிரைத் தாங்குவதால் ரொறன்ரோவின் குளிர்காலம் இதற்குப் பொருட்டே இல்லை. அமில மண்ணிலும் வளரும், சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணிலும் வளரும். நம் பகுதியின் மண் பெரும்பாலும் சுண்ணாம்பு கலந்த களி என்பதால் இது முக்கியமான தகுதி. மான் பெரும்பாலும் தொடாது, முயலும் அவ்வளவாகக் கடிக்காது. ரூஜ் பள்ளத்தாக்கை ஒட்டிய தெருக்களில் ஹோஸ்டா என்ற அகன்ற இலை நிழற்செடியை நட்டு, ஒரே இரவில் காம்புகள் மட்டும் மிஞ்சிய வளவுகளைப் பார்த்தவர்களுக்கு இதன் மதிப்புப் புரியும்.

இது ஓடிப் பரவாது. ஒரு குத்தாக நின்று, ஆண்டுக்காண்டு மெதுவாகப் பருத்துக்கொண்டே போகும். இதைக் குறையென்று சொல்பவர்கள் உண்டு. வீட்டுக்கும் வேலிக்கும் நடுவே ஆறடி அகலமே உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல குணம் வேறில்லை. பக்கத்து வீட்டுக்காரரோடு வேலித் தகராறு வராது.

குளிர்காலத்தில் இது எப்படியிருக்கும் என்பதில்தான் பலருக்கு ஏமாற்றம். முதல் கடும் உறைபனிக்குப் பிறகு இலைகள் அடியில் தளர்ந்து தரையோடு தரையாகப் படுத்துவிடும். செடி செத்துவிட்டதென்று பிடுங்கி எறிந்தவர்களும் இருக்கிறார்கள். உண்மையில் அது உயிரோடு வேலை செய்துகொண்டிருக்கிறது. தரையை ஒட்டிக் கிடப்பதால் குளிர்காற்றின் கடுமை குறைகிறது. மேலே மரங்கள் இலையுதிர்த்து நிற்கும்போது கிடைக்கும் வெளிச்சத்தைக் கொண்டு பிந்திய இலையுதிர் காலத்திலும் முன்வசந்தத்திலும் உணவு தயாரிக்கிறது. படுத்த இலைகள் அடியிலுள்ள சருகுகளைக் காற்றும் மழையும் அள்ளிப்போகாமல் அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். மேட்டிலிருந்து மண் கரைந்து வழியும் சரிவுகளுக்கு இந்தப் பெரணியைப் பரிந்துரைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே ஆண்டு முழுவதும் நிமிர்ந்து நிற்கும் பசுமை வேண்டுமென்றால் இந்தப் பெரணி உங்களுக்கு ஏற்றதல்ல. தரையில் விரித்த பசுமை போதுமென்றால் மேலே படியுங்கள்.

அடுத்தது ஓரப்பொட்டுப் பெரணி என்று நான் அழைக்கும் டிரையோப்டெரிஸ் மார்ஜினாலிஸ். இலையின் அடியிலுள்ள வித்துப் பொட்டுகள் சிற்றிலைகளின் விளிம்பை ஒட்டியே வரிசையாக அமைந்திருக்கும். இதை வேறு எதனோடும் குழப்பிக்கொள்ள முடியாது. நிறம் சற்றே நீலம் கலந்த சாம்பல் பச்சை. இலைகள் வட்டமாக, பூச்சாடி போல் ஒரே நடுப்புள்ளியிலிருந்து எழுகின்றன. வயதான செடியின் நடுத்தண்டு தரைக்கு மேல் கொஞ்சம் உயர்ந்து, குட்டி மரப்பெரணி போலத் தோன்றும். வசந்தத்தில் சுருள் தளிர்கள் பொன்பழுப்புச் செதில் போர்த்திக்கொண்டு எழும்போது அந்த அழகுக்குக் கிறிஸ்மஸ் பெரணி ஈடாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இயற்கையில் இது பாறைச் சரிவுகளிலும் கல்லிடுக்குகளிலும் வளர்வது. அதனால் கல் அடுக்கிய சுவர், கருங்கல் கிடக்கும் மேடு, தண்ணீர் உடனே வடிந்துபோகும் சரிவு உள்ளவர்களுக்கு முதல் தெரிவு இதுவே. ஒரேயொரு செடி தனித்து நின்று கண்ணைக் கவர வேண்டுமென்றாலும் இதையே சொல்வேன். பத்துப் பதினைந்து செடிகளை வைத்துத் தரையை மூட வேண்டுமென்றால் கிறிஸ்மஸ் பெரணிக்குத்தான் என் வாக்கு. அதன் இலைகள் தாழ்ந்து விரிந்து ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும், ஓரப்பொட்டுப் பெரணி தனித்தனிச் சாடிகளாகவே நிற்கும். கடைகளில் எளிதாகக் கிடைப்பதும் கிறிஸ்மஸ் பெரணிதான்.

மூன்றாவது டிரையோப்டெரிஸ் இன்டர்மீடியா. சரிகைப் பின்னல் போல மும்முறை பிரிந்த மெல்லிய இலை. வட ஒன்ராறியோப் பக்கம் போகும்போது காடுகளில் அதிகம் தென்படுவது இது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெர்மான்ட் போன்ற பகுதிகளில் பெரணி பறிப்பது ஒரு தொழிலாகவே இருந்தது. பூக்கடைகளில் மாலைக்கும் பூங்கொத்துக்கும் வைக்க இதன் இலைகளையும் கிறிஸ்மஸ் பெரணியின் இலைகளையும் கட்டுக் கட்டாகப் பறித்து அனுப்பினார்கள். பறித்த பிறகும் நெடுநாள் வாடாத இலைகள் என்பதாலேயே இவ்விரண்டும் அந்தச் சந்தையைப் பிடித்தன. தோட்டத்தில் வளர்க்கும்போது இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தண்ணீர்தான். இன்டர்மீடியாவுக்கு இலை மட்கு நிறைந்த, எப்போதும் ஈரம் தங்கும், கொஞ்சம் அமிலத்தன்மையுள்ள மண் வேண்டும். ஜூலையில் இரண்டு வாரம் மழையில்லை என்றால் தண்ணீர் ஊற்ற நீங்கள் ஊரில் இருக்க வேண்டும். கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஊருக்குப் போய்வருபவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது.

பாறைப் பெரணியான பொலிபோடியம் வர்ஜினியானம் பற்றி ஒரு வார்த்தை. மஸ்கோக்கா பக்கத்துக் கருங்கற்களின் மேல் பாசியோடு பாசியாகப் படர்ந்திருக்குமே, அதுதான். அழகு, பச்சையும் மாறாது, வறட்சியில் இலையைச் சுருட்டிக்கொண்டு காத்திருக்கும். ஆனால் நம் களிமண் வளவில் நட்டால் பிழைப்பது அரிது. பாறை இல்லாதவர்கள் மறந்துவிடலாம்.

இன்னொன்றையும் சொல்லாமல் போக மனமில்லை. ஒன்ராறியோவில் நயாகரா மலைமுகட்டின் வடபகுதியில், சுண்ணாம்புப் பாறைகளின் நிழலில், மான் நாக்குப் பெரணி என்றொன்று இருக்கிறது. நாக்குப் போல் பிளவில்லாத முழு இலை, குளிர்காலத்திலும் பச்சை. அதன் வட அமெரிக்க வகையின் பெரும்பகுதி ஒன்ராறியோவில்தான் வளர்கிறது. கவனத்துக்குரிய இனமாகச் சட்டப்படி பட்டியலிடப்பட்டும் இருக்கிறது. கடைகளில் இதே பெயரில் விற்பது ஐரோப்பிய வகை. நம்மூர் வகையை மலைமுகட்டில் பார்த்து மகிழ்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கையை வைக்கக் கூடாது.

இனி, நடத் தோன்றும் ஆனால் நடக் கூடாதவை. முதலில் தீக்கோழிப் பெரணி. இதுவும் இந்த மண்ணின் செடியே. அக்கம்பக்கத்தார் வாளி வாளியாகத் தோண்டி இலவசமாகக் கொடுப்பார்கள். இலவசமாகக் கொடுப்பதன் காரணத்தை நட்ட இரண்டு மூன்று ஆண்டுகளில் நீங்களே தெரிந்துகொள்வீர்கள். நிலத்தடியில் தண்டுகளை ஓடவிட்டு நினைத்த இடத்திலெல்லாம் முளைக்கும். கோடை வறண்டால் ஆகஸ்டிலேயே ஓரம் கருகும், உறைபனி வந்ததும் இலை முழுவதும் போய்விடும். அதன்பிறகு வித்துகள் தாங்கிய பழுப்புக் குச்சிகள் மட்டும் நிற்கும். ஓடைக்கரை போல அகலமான ஈர நிலம் உள்ளவர்களுக்கு நல்ல செடி. ஒடுங்கிய பக்கவளவுக்கு ஆகாது.

அதன் சுருள் தளிரைச் சமைத்து உண்பது இங்கே வசந்தகால வழக்கம். பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உண்டால் வயிற்றைக் கெடுத்துவிடும். கனடா சுகாதாரத் துறை 15 நிமிடம் கொதிக்கவைக்க வேண்டும், அல்லது 10 முதல் 12 நிமிடம் ஆவியில் வேகவைக்க வேண்டும், வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும் என்று அறிவுறுத்துகிறது. இதைச் சொல்லக் காரணம், வளவில் எது தளிர்த்தாலும் சுண்டலாமா என்று கேட்கும் அம்மாக்களும் அம்மம்மாக்களும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். உண்ணத்தக்கது தீக்கோழிப் பெரணியின் தளிர் மட்டும். அதன் காம்பின் உட்புறத்தில் ஆழமான பள்ளம் இருக்கும், மேலே மெல்லிய பழுப்புத்தாள் போன்ற செதில் ஒட்டியிருக்கும். கிறிஸ்மஸ் பெரணியின் தளிர் வெள்ளி நிறச் செதில் அடர்ந்தது. அதைச் சட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கடையில் கண்ணைப் பறிக்கும் செம்புநிறத் தளிர்களோடு விற்கும் இலையுதிர்காலப் பெரணி கிழக்காசியாவிலிருந்து வந்தது. வாழும், கெடுதலும் இல்லை. ஆனால் கடும் குளிர் வந்த ஆண்டுகளில் இலை கருகிப்போவதால் நவம்பர், ஏப்ரல் கேள்வியில் நம்பகமான விடை தராது. பசிபிக் கரையிலிருந்து வரும் வாள் பெரணி, கிறிஸ்மஸ் பெரணியின் நெருங்கிய உறவு. பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஈரக்காற்றில் ஆளுயரத்துக்கு நிற்பது, நம் வறண்ட குளிருக்கும் வெக்கைக் கோடைக்கும் இங்கே திணறும். இரண்டிலும் சிற்றிலைக்குக் காது உண்டு என்பதால் அடையாள அட்டை மாறிப்போயிருந்தால் ஏமாற வாய்ப்பு அதிகம். வித்து தாங்கிய இலையைப் பாருங்கள்: நுனி திடீரென்று குறுகினால் கிறிஸ்மஸ் பெரணி, அகலம் படிப்படியாகக் குறைந்து கூராக முடிந்தால் வாள் பெரணி. கூடையில் தொங்கவிட்டு விற்கும் பாஸ்டன் பெரணியை நிலத்தில் நட்டுவிட்டு அடுத்த வசந்தத்தில் தேடுபவர்களும் உண்டு. அது வெப்பநாட்டுச் செடி, முதல் உறைபனியோடு சரி.

பெரணி வேண்டாம், தரை மூடினால் போதும் என்று வின்கா, ஐவி ஆகிய படர்செடிகளை நடுபவர்களிடம் எனக்கு மனத்தாங்கல் உண்டு. இரண்டும் பச்சை மாறாதவை, மலிவானவை, சாகாதவை. அந்தச் சாகாத குணமே ஆபத்து. வளவைத் தாண்டிப் பள்ளத்தாக்குகளுக்குள் இறங்கிவிட்டால், அங்கே வசந்தத்தில் பூக்கும் டிரில்லியம் போன்ற காட்டுப்பூக்களின் தரையை முழுவதும் போர்த்தி மூச்சடைக்க வைத்துவிடும். இரண்டும் ஒன்ராறியோவில் ஆக்கிரமிப்புச் செடிகளாகவே கருதப்படுகின்றன. கிறிஸ்மஸ் பெரணி தரையை மூட அதிக ஆண்டுகள் எடுக்கும், பணமும் கூடச் செலவாகும். அந்தக் கூடுதல் செலவு தகும் என்றே சொல்வேன்.

இவற்றில் உங்களுக்கு எது என்பதை உங்கள் மண்ணைக் கேட்டால் அதுவே சொல்லும். ஓர் அடி ஆழக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பிவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் குழியில் இன்னும் தண்ணீர் நின்றால் அங்கே கிறிஸ்மஸ் பெரணியையும் ஓரப்பொட்டுப் பெரணியையும் அப்படியே நடக் கூடாது. வறட்சியைத் தாங்கும் இந்த இரண்டையும் கொல்வது குளிர்கால ஈரம்தான். இலைகள் எழும் தண்டின் நடுமுனை அழுகிவிடும். புதிய குடியிருப்புகளில் மேல்மண்ணை வழித்தெடுத்து, இயந்திரம் ஓட்டி இறுக்கிய களிமேல் ஒரு சாண் மண்ணைத் தூவி ஒப்படைத்திருப்பார்கள். அங்கே இந்தச் சோதனை பெரும்பாலும் தோற்கும். அப்போது மண்ணைக் கிளறி இலை மட்கு சேர்த்து ஒரு மேடு கட்டி அதன்மேல் நடலாம். கூரைத் தண்ணீர்க் குழாய் வந்து கொட்டும் இடத்தில், தண்ணீர் தேங்காமல் ஈரம் மட்டும் தங்குமென்றால், இன்டர்மீடியாவை வைத்துப் பார்க்கலாம்.

மிகக் கடினமான இடம் நோர்வே மேப்பிளின் அடி. ரொறன்ரோ தெருக்களில் தாராளமாக நடப்பட்ட இந்த ஐரோப்பிய மரத்தின் நிழல் அடர்த்தியானது. வேர்கள் மேலாகவே வலைபோல் பரந்து மழைநீரை உறிஞ்சிவிடும். இங்கே கிறிஸ்மஸ் பெரணியைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்கும் உதவி தேவை. மரத்தடியில் கனமாக மண் கொட்டாதீர்கள், மரத்தின் வேருக்கு மூச்சுமுட்டும். வேர்களுக்கு நடுவே கையளவு இடைவெளிகளைத் தேடி, மிகச் சிறிய தொட்டியில் வாங்கிய இளஞ்செடிகளை நடுங்கள். பெரிய செடி வாங்கினால் பெரிய குழி வேண்டும், பெரிய குழியென்றால் மரவேரை வெட்ட வேண்டும். முதல் இரண்டு கோடைகளில் வாரம் ஒருமுறை ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். அதன்பிறகு நீண்ட வறட்சியில் மட்டும் போதும்.

செடியை எங்கிருந்து வாங்குவது? உள்நாட்டுச் செடிகளை மட்டும் வளர்த்து விற்கும் நாற்றுப் பண்ணைகள் தெற்கு ஒன்ராறியோவில் இருக்கின்றன. ரொறன்ரோவை மையமாகக் கொண்ட வட அமெரிக்க உள்நாட்டுத் தாவரச் சங்கமும் வசந்தத்தில் செடி விற்பனை நடத்துகிறது. எங்கே வாங்கினாலும், பண்ணையில் வளர்த்ததா, காட்டில் தோண்டியதா என்று கேளுங்கள். மெதுவாக வளரும் செடி என்பதால் காட்டில் தோண்டிக் கொண்டுவந்து விற்கும் ஆசை சிலருக்கு வரும். ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா போன்ற இடங்களிலிருந்து ஒரு செடியைக்கூட எடுப்பது சட்டவிரோதம் என்பது நமக்கும் பொருந்தும். வித்திலிருந்து வளர்க்கும் பொறுமை உள்ளவர்களுக்கு அது பெரிய மகிழ்ச்சி: தூசிபோன்ற வித்துகள் ஈரமான சுத்தமான ஊடகத்தில் விழுந்து, முதலில் இதய வடிவில் நகத்தைவிடச் சிறிய பச்சைத் தகடுகளாகி, அவற்றிலிருந்துதான் பெரணி பிறக்கும். நிலத்தில் நடும் அளவுக்கு வளர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். நண்பர் வீட்டில் பல முனைகளோடு பருத்த குத்து இருந்தால் வசந்தத்தில் பிரித்து வாங்குவதே சுலபம்.

நடும் காலம் வசந்தம் அல்லது செப்டம்பர். ஒன்றரை முதல் இரண்டு அடி இடைவெளி போதும். தண்டின் நடுமுனை மண் மட்டத்தில் இருக்க வேண்டும், புதைந்துவிடக் கூடாது. சரிவென்றால் செடியைக் கொஞ்சம் சாய்த்து நட்டால் நடுமுனையில் தண்ணீர் நிற்காது. அக்டோபரில் உதிரும் இலைகளைப் பையில் கட்டித் தெருவில் வைக்காதீர்கள். இந்தச் செடிக்கு வேண்டிய உரமும் மூடாக்கும் அதுவே. மேப்பிள் இலைகள் நனைந்து பாயாக ஒட்டிக்கொள்ளும் என்பதால் நடுமுனையின் மேல் கிடப்பதை மட்டும் கையால் விலக்கிவிடுங்கள்.

பழைய இலைகளை ஏப்ரலில் அவசரப்பட்டு வெட்ட வேண்டாம். புதிய சுருள்கள் விரியும்வரை செடிக்குச் சோறு போடுவது அந்தப் பழைய இலைகள்தான். சுருள்கள் ஒரு சாண் உயர்ந்த பிறகு வேண்டுமானால் கத்தரித்துவிடலாம். சுருள்கள் எளிதில் முறியும், கத்தரிக்கோலைக் கவனமாகப் பிடியுங்கள். வெட்டாமல் விட்டாலும் ஜூன் மாதத்துக்குள் புதிய இலைகள் அவற்றை மறைத்துவிடும், அவை அங்கேயே மக்கி மண்ணோடு சேர்ந்துவிடும்.